பிளாரன்ஸ் மாதாவும் சிவகாசி அட்டையும்

உருவும் நிறமும் – 14

மார்கழி பிறந்துவிட்டால் விருதுநகரில் எந்தக் கடைக்குப் போனாலும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஓர் அட்டைக் கட்டு இருக்கும். பருப்பு மண்டி, எண்ணெய்க் கடை, வத்தல் கமிஷன் கடை எல்லாவற்றிலும் இதே காட்சிதான். கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பும்போது முதலாளி கட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்பார்: "முருகனா, லட்சுமியா? எது வேணும் அண்ணாச்சி?" புது வருஷக் காலண்டர். தேதித் தாள் கட்டுக்கு மேலே சாமி. சாமிக்குக் கீழே கடையின் பெயர்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் இந்த வருஷம் தொங்குவது லட்சுமி. ஒரு நாள் விடிகாலையில் மின்சாரம் இல்லை. பழைய தேதியைக் கிழிக்கலாமென்று இருட்டில் கையை நீட்டினேன். விரல் தாளுக்குப் போகாமல் சற்று மேலே போய்விட்டது. கன்னம் தட்டுப்பட்டது. அதற்கு மேலே கிரீடத்தின் மணிகள், பக்கவாட்டில் தோளின் வளைவு, கீழே தாமரை இதழின் விளிம்பு. மேடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆனாலும் தொட்டது முகம் என்று விரலுக்கு உடனே தெரிந்துவிட்டது. நாற்பது வருஷமாகக் காலண்டரைக் கண்ணால் மட்டுமே பார்த்துவந்த எனக்கு அன்று காலையில் உடம்பு சிலிர்த்தது. கையில் பட்டது படம் இல்லை, சிற்பம். நிறம் பூசிய, தெய்வ உருவம் தாங்கிய புடைப்புச் சிற்பம்.

இந்தத் தொடரில் சென்ற வாரம் மண்டகப்பட்டுக் குகை வாசலில் நின்றிருந்தோம். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் இக்கோயிலை எடுத்தேன் என்று 7-ம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் அங்கே வெட்டிவைத்திருக்கிறான். அவன் பெருமைப்பட்டுக்கொண்டது கல்லைப் பற்றி. நமக்கு அதில் கிடைப்பது வேறொரு செய்தி: அவனுக்கு முன்னாலிருந்த கோயில்களில் சுதை இருந்திருக்கிறது. இருந்ததை விட்டால்தானே விட்டேன் என்று சொல்ல முடியும்? கல்லுக்கு வந்த பிறகும் சுதை விலகிப் போகவில்லை. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மன் எடுத்த காஞ்சி கைலாசநாதர் கோயிலில் மணற்கல் சிற்பங்களின் மேல் சுண்ணாம்புப் பூச்சையும், பூச்சின் மேல் நிறத்தையும் இன்றைக்கும் அங்கங்கே பார்க்கலாம். கல்லுக்கு மேல் சுதை, சுதைக்கு மேல் நிறம். மூன்றும் சேர்ந்தால்தான் சாமி.

இந்த வாரம் அங்கிருந்து ஒரே தாவாகத் தாவி 15-ம் நூற்றாண்டுக்கும், கடல் கடந்து இத்தாலிக்கும் போகவேண்டியிருக்கிறது. சிவகாசிக்குத் திரும்பி வருவதற்கு அதுதான் நேர்வழி.

அந்தக் கடலை நமக்கு முன்பே கடந்த ஒருவர் இருக்கிறார். வெனிஸ் நாட்டு வணிகர் நிக்கோலோ கோண்டி. 1420-ஐ ஒட்டி விஜயநகரத்தைப் பார்த்தவர், மயிலாப்பூரைப் பார்த்தவர், முத்துக் குளிக்கும் காயலைப் பற்றிச் சொன்னவர். காயல் நம் தூத்துக்குடிப் பக்கம்தான். பல ஆண்டுகள் கிழக்கே சுற்றித் திரிந்துவிட்டு அவர் ஊர் திரும்பியபோது போப்பாண்டவர் நான்காம் யூஜின் பிளாரன்ஸ் நகரில் தங்கியிருந்தார். வழியில் உயிருக்குப் பயந்து மதத்தை மறுதலிக்க நேர்ந்ததற்கு மன்னிப்புக் கேட்டு கோண்டி அவரிடம் போனார். போப்பாண்டவரின் செயலாளர் போஜ்ஜோ பிராச்சொலீனி அவரை உட்காரவைத்துக் கதை கேட்டு லத்தீனில் எழுதிவைத்தார். அந்தக் கதையில் விஜயநகரத்துத் தேர்த் திருவிழா வருகிறது. சாமி சிலையைத் தேரில் ஏற்றி ஊர்வலம் விடுவதும், தேரில் அலங்காரத்தோடு பெண்கள் நின்று பாடுவதும் வருகின்றன.

நம் ஊர்த் தேரைப் பற்றிய பேச்சு பிளாரன்ஸ்காரர்களின் காதில் விழுந்த அந்தக் காலத்தில், அதே நகரத்தில் சிற்பிகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? 1442 முதல் 1445 வரை லூக்கா தெல்லா ரோப்பியா நகரத்தின் பெரிய கோயிலில், பூசைப் பொருள்கள் வைக்கும் அறைக் கதவுக்கு மேலே, கிறிஸ்து உயிர்த்தெழும் காட்சியைச் சுடுமண்ணில் புடைப்பாகச் செய்துவைத்தார். நீல வானம், வெள்ளை உருவங்கள். வானம் வெறும் பூச்சு இல்லை. களிமண்ணில் உருவம் செய்து ஒரு முறை சுட்டு, ஈயமும் தகரமும் கலந்த கண்ணாடிப் பூச்சைத் தடவி மறுபடி சுட்டால் அந்த நிறம் மண்ணோடு ஒட்டிப்போகும். பாத்திரத்துக்கு அதுவரை போட்டுவந்த பூச்சைச் சாமி உருவத்துக்குக் கொண்டுவந்தவர் லூக்கா. ஈரத்துணியால் துடைத்தால் போதும். மழையும் வெயிலும் ஒன்றும் செய்யாது. 580 வருஷமாகிறது. அந்த நீலம் இன்னும் மங்கவில்லை.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சான் லொரென்ஸோ ஆலயத்தில் டொனடெல்லோ வேறொரு வழியில் போய்க்கொண்டிருந்தார். மெதிச்சி குடும்பத்தாருக்காகப் புரூனெல்லெஸ்கி கட்டிய அறை அது. சாம்பல் நிறக் கல்லும் வெள்ளைச் சுவரும் அளவெடுத்த அமைதியோடு இருந்தன. அதற்குள் டொனடெல்லோ சுதையில் எட்டு வட்டப் பலகங்கள் செய்து வைத்தார். நான்கில் யோவானின் வாழ்க்கைக் காட்சிகள், நான்கில் நற்செய்தியாளர்கள். நிறத்தோடு செய்தார். கட்டியவருக்கு இது பிடிக்கவில்லை, இருவருக்கும் மனத்தாங்கல் வந்துவிட்டது என்று அந்நாளில் எழுதிவைத்திருக்கிறார்கள். வெள்ளைச் சுவரின் அமைதிக்கும் சாமியின் நிறத்துக்கும் நடந்த வழக்கு அது. நான் டொனடெல்லோவின் கட்சி. கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவனுக்கு, அந்த உயரத்தில், வெறும் வெள்ளையில் செய்த முகம் எப்படி எட்டும்?

பெரிய கோயில்களில் இருப்பவற்றைக் கலை வரலாறு நன்றாகவே சொல்லியிருக்கிறது. எனக்குச் சொல்ல ஆசையாக இருப்பது வீடுகளுக்குள் போன சிற்பங்களைப் பற்றி.

பிளாரன்ஸ் நகரத்து வீடுகளில் படுக்கையறைச் சுவரில் மாதா இருப்பாள், மடியில் குழந்தை இயேசுவோடு. குழந்தைகள் கண்முன்னே இத்தகைய உருவங்களை வைத்திருக்க வேண்டும் என்று ஜியோவானி தொமினிச்சி என்ற துறவி அந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குடும்பஸ்தர்களுக்கு எழுதியிருக்கிறார். நம் வீட்டில் இடுப்பில் இருக்கும் பிள்ளைக்குக் காலண்டரைக் காட்டி "சாமி பாரு, கும்பிடு" என்று கையைக் கூப்பிவிடுகிறோமே, அதே எண்ணம்தான். ஆனால் எல்லா வீட்டுக்கும் பளிங்கு மாதா கட்டுப்படியாகுமா? ஆகாது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அந்தோனியோ ரொசெல்லீனோ, தெசிதெரியோ தா செத்திஞ்ஞானோ போன்ற கைதேர்ந்தவர்கள் ஒரு மாதாவைப் பளிங்கில் செய்வார்கள். அதிலிருந்து அச்சு எடுப்பார்கள். அச்சில் ஜிப்சத்தைச் சுட்டு அரைத்துக் குழைத்த சுதையை அழுத்தினால் இன்னொரு மாதா. மறுபடி அழுத்தினால் மற்றொருத்தி. களிமண்ணிலும் எடுத்தார்கள், காகிதக் கூழிலும் எடுத்தார்கள். ஒரே முகம் நூறு வீட்டுக்குப் போனது.

இந்த அச்சு விஷயத்தில் டொனடெல்லோவைப் பற்றி ஒரு சம்பவம் உண்டு. 1456-ல் தனக்கு வைத்தியம் பார்த்த ஜியோவானி கெல்லினி என்ற மருத்துவருக்கு அவர் ஒரு பரிசு கொடுத்தார். வட்டமான வெண்கலத் தகடு. முன்பக்கம் மாதாவும் குழந்தையும் புடைப்பாக இருந்தார்கள். திருப்பினால் பின்பக்கத்தில் அதே உருவம் குழிவாக இருந்தது. அந்தக் குழியில் கண்ணாடியை உருக்கி ஊற்றினால் இன்னொரு மாதாவை வார்த்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் தன் கணக்குப் புத்தகத்தில் குறித்துவைத்திருக்கிறார். சிற்பமும் அச்சும் ஒரே தகட்டில். இன்று அது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிவகாசியில் டை செய்கிற யாரிடமாவது அதன் படத்தைக் காட்டினால் முதலில் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார் என்று எனக்குத் தோன்றும்.

அச்சிலிருந்து வெளியே வந்த மாதா வெள்ளை வெளேரென்று இருப்பாள். அவளை அந்த நிலையில் யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. ஓவியரிடம் போக வேண்டும்.

நேரி தி பீச்சி அப்படிப்பட்ட ஓவியர். கலை வரலாற்றின் பெரிய பெயர்களில் அவர் இல்லை. ஆனால் 1453 முதல் 1475 வரை அவர் தன் பட்டறையில் நடந்ததையெல்லாம் தேதியிட்டு ஒரு பேரேட்டில் எழுதிவைத்தார். இன்னாருக்கு, இன்ன வேலை, இன்ன நிறம், இவ்வளவு தங்கம், இவ்வளவு கூலி. விருதுநகர் மண்டியில் வளர்ந்தவனுக்கு இந்தப் பேரேட்டைப் பற்றிப் படிக்கும்போது சொந்தக்காரர் வீட்டுக்குள் நுழைவது போல இருக்கும். அந்தக் கணக்கில் திரும்பத் திரும்ப வருவது சுதை மாதா. யாரோ ஒரு வணிகர் வெள்ளைச் சுதை மாதாவைக் கொண்டுவருவார்; நேரி அதற்கு நிறம் பூசி, தங்கரேக்கு ஒட்டி, மரச் சட்டத்தில் பொருத்திக் கொடுப்பார். சிற்பி ஒருவர், நிறம் பூசியவர் மற்றொருவர். நாம் சிற்பியின் பெயரை மட்டும் எழுதி மற்றவரை விட்டுவிட்டோம். நேரி கணக்கு எழுதாமல் போயிருந்தால் அவருடைய கைவேலையும் பெயரில்லாமல் போயிருக்கும்.

அந்த வேலை லேசானதும் இல்லை. சென்னினோ சென்னினி என்ற ஓவியர் 1400-ஐ ஒட்டி எழுதிய கையேட்டில் முறை முழுக்க இருக்கிறது. முதலில் வஜ்ரப் பசை தடவி உறிஞ்சுதலை அடக்க வேண்டும். தங்கம் வரும் இடத்தில் செம்மண் பூச்சு, அதன் மேல் ரேக்கு, பிறகு மெருகு. மற்ற நிறங்கள் முட்டை மஞ்சள் கருவில் குழைத்தவை. மாதாவின் மேலாடைக்கு நீலம். கையில் காசு குறைவென்றால் தாமிரத் தாதுவிலிருந்து வரும் நீலம். வசதியிருந்தால் கடலுக்கு அப்பாலிருந்து வந்த நீலம். ஆப்கானிஸ்தானத்தில் படக்‌ஷான் மலையில் கிடைக்கும் நீலக்கல்லை அரைத்து எடுப்பது அது. அதே கல் எதிர்த்திசையிலும் பயணம் செய்திருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களை 1930-களில் ஆராய்ந்த சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன், அங்கே அந்த நீலக்கல்லைக் கண்டார். சிவனுக்கும் மாதாவுக்கும் ஒரே மலையிலிருந்து நீலம் போயிருக்கிறது. இதை முதன்முதலில் அறிந்த நாளில் நான் வேறெதுவும் படிக்காமல் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

இனி நம் பக்கம்.

மதுரை மீனாட்சி கோயிலின் தெற்குக் கோபுரத்தை 1559-ல் கட்டியவர் சிராமலை செவ்வந்தி மூர்த்தி செட்டியார். அதில் 1,500-க்கும் மேற்பட்ட சுதைச் சிற்பங்கள். விருதுநகரிலிருந்து மதுரைக்குப் போகிற ஒவ்வொரு முறையும் அண்ணாந்து பார்க்கும் அந்தச் சிற்பங்கள் 1559-ல் இருந்தபடியே இருப்பவை அல்ல. சுதைக்கு ஆயுள் உண்டு என்று செய்தவர்களுக்கே தெரியும். அதனால்தான் குடமுழுக்கு என்ற ஏற்பாடு. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை சாரம் கட்டி, உதிர்ந்த விரலை ஒட்டி, விழுந்த மூக்கை எடுத்து, நிறத்தைப் புதுப்பிப்பார்கள். பிளாரன்ஸ் மாதா ஒரு முறை செய்து வைத்த பொருள். நம் கோபுரம் வயலைப் போல. ஒவ்வொரு தலைமுறையும் உழுது விதைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சுதை வேலையை நான் கிட்டத்தில் பார்த்தது ஒரு சின்னக் கோயில் சாரத்தில். எங்கள் மாவட்டத்துக் கரிசல் காட்டு ஊர் ஒன்று. மூன்று நிலைக் கோபுரம். கீழே தொட்டியில் சுண்ணாம்பு ஊறிக்கொண்டிருந்தது. "எத்தனை நாளாச்சு?" என்று கேட்டேன். "நாள் கணக்கு இல்ல தம்பி, வாசம் மாறணும்" என்றார் பெரியவர். சலித்த மணலோடு அந்தச் சுண்ணாம்பைச் சேர்த்துக் கடுக்காய்த் தண்ணீர் விட்டு, கருப்பட்டிக் கரைசல் விட்டு அரைத்துக்கொண்டே இருந்தார்கள். விரலால் எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார். மணல் நறநறத்தது. தலையை ஆட்டினார். மறுபடி அரைத்தார்கள். வெண்ணெய் போல வழுக்கிய பிறகுதான் மேலே போனது.

மேலே செங்கல்லை வெட்டி உருவத்தின் கூடு எழுப்பியிருந்தது. அதன் மேல் கனமான காரை, அது இறுகிய பின் மெல்லிய காரை, கடைசியில் பால் போன்ற சுண்ணாம்பு. ஒவ்வொன்றும் காய்வதற்குக் காத்திருக்க வேண்டும். சுண்ணாம்பு காய்வதென்பது தண்ணீர் வற்றுவதோடு முடிவதில்லை. காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்ல உள்ளிழுத்துக் கொண்டு திரும்பவும் சுண்ணாம்புக் கல்லாகிறது. சுட்டபோது எதை இழந்ததோ அதைக் காற்றிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. பிளாரன்ஸ்காரர்கள் பயன்படுத்திய ஜிப்சம் கொஞ்ச நேரத்தில் இறுகிவிடும், அச்சுக்கு வசதி. ஆனால் மழைக்குத் தாங்காது. அதனால் மாதா வீட்டுக்குள் இருந்தாள். நம் சுண்ணாம்பு மெதுவாக இறுகும், வெளியில் நிற்கும்; அதனால் நம் சாமிகள் தெருவைப் பார்த்து நிற்கிறார்கள்.

அந்தக் கோபுரத்தில் ஒரு துவாரபாலகர் செய்து முடிந்திருந்தார். கையெட்டும் தூரத்தில் பார்த்தால் தலை பெரியதாக, முகம் முன்னால் குனிந்து, பார்வை விகாரமாக இருந்தது. இறங்கிப்போய்த் தெருவிலிருந்து பாருங்கள் என்றார்கள். பார்த்தேன். நேராக நிமிர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உயரத்துக்குத் தக்கபடி உருவத்தைத் திருத்துகிற இந்தக் கணக்கை டொனடெல்லோவும் போட்டிருக்கிறார். பாடப் புத்தகம் அவர் பெயரைச் சொல்லித்தான் இதைக் கற்றுத் தருகிறது. அந்தச் சாரத்தில் இருந்தவர்கள் தங்கள் அப்பா கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள்.

நிறம் கடைசியில். பழைய முறையில் நிறம் என்பது மண்ணும் கல்லும் கரியும்: செங்காவி, மஞ்சள் காவி, விளக்குக் கரி, சுண்ணாம்பின் வெள்ளை. இவை சுண்ணாம்போடு சண்டை போடாதவை. சுவர் மூச்சு விடும், நிறமும் கூடவே மூச்சு விடும். எல்லாம் முடிந்த பின்னும் கண் மட்டும் வெள்ளையாகவே இருக்கும். கண் திறப்புக்கு நாள் பார்த்து, கடைசிக் கோடாகக் கருவிழியை எழுதுவார்கள். அதுவரை அது சுதை. அந்த ஒரு கோட்டுக்குப் பிறகுதான் மக்கள் செருப்பைக் கழற்றுகிறார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரைச் சொல்லாமல் போனால் எங்கள் மாவட்டத்துக்காரர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். வடபத்ரசாயி கோயிலின் 192 அடி உயரக் கோபுரம், 11 நிலை. அரசு முத்திரையில் இருப்பது எங்கள் கோபுரம்தான் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் நெஞ்சு நிமிர்த்திச் சொல்வார்கள். அந்தக் கோபுரத்தில் மதுரையைப் போல நிறச் சுதைகள் மொய்ப்பதில்லை. கட்டடத்தின் கோடுகளே அதற்கு அழகு. நிறம் வேண்டும் என்று இவ்வளவு வாதாடுகிற நான், அந்தக் கோபுரத்தின் கீழே நிற்கும்போது வாதத்தை மறந்துவிடுவேன்.

சிவகாசிக்கு வருவோம். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த கதை எல்லோருக்கும் தெரியும். தீப்பெட்டி வந்தால் அதன் மேல் ஒட்ட லேபிள் வேண்டும். பட்டாசு வந்தால் அதற்கும் லேபிள் வேண்டும். லேபிளுக்காக அச்சகம் வந்தது. லட்சுமி வெடி உறையில் இருந்த லட்சுமியை வெடித்த பிறகு மிதிக்க மனம் வராமல் பொறுக்கி எடுத்துவைத்த பிள்ளைகளில் நானும் ஒருவன். லேபிள் அடித்த கை பிறகு காலண்டர் அடித்தது.

காலண்டருக்குச் சாமி யார் வரைந்தது? பக்கத்து ஊரான கோவில்பட்டியில் அதற்கு ஒருவர் வந்து சேர்ந்தார்: சி. கொண்டையராஜு. 1898-ல் பிறந்தவர், சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். துறவில் நாட்டம் வந்து திருவண்ணாமலையில் ரமணரிடம் கொஞ்ச காலம் இருந்தார். ரமணர் பிறந்தது எங்கள் மாவட்டத்துத் திருச்சுழி. ஆசிரமத்தை விட்டுக் கிளம்பிய கொண்டையராஜு ஒரு நாடகக் கம்பெனியில் திரைச்சீலை எழுதப் போனார். 1942-ல் கோவில்பட்டிக்கு வந்த இடத்தில் கம்பெனி கலைந்துபோனது. அவர் அங்கேயே தங்கிவிட்டார். அவரும் அவருடைய சீடர்களும் எழுதிய மீனாட்சி திருக்கல்யாணமும் முருகனும் லட்சுமியும் சிவகாசியில் அச்சாகி வீடுவீடாகப் போயின. நாடகத் திரையில் தட்டைத் துணியைத் தூணாகவும் மண்டபமாகவும் காட்டப் பழகிய கை அது. அவர் லட்சுமியின் கன்னத்தில் போட்ட நிழலைப் பாருங்கள். தாள் தட்டையாக இருக்கும், கன்னம் வெளியே வந்து நிற்கும். 1976-ல் அவர் மறைந்தார். கோபுரத்தின் சுதை காகிதத்துக்கு இறங்கிய வழியில் அவர் ஒரு பெரிய படி என்று நான் நம்புகிறேன்.

அடுத்த படி, காகிதமே மேடாவது.

சிவகாசியில் ஒரு பட்டறையில் நான் அதைப் பார்த்தேன். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளியிட்டு, ஆர்டர் குவியத் தொடங்கிய நேரம். ஆஃப்செட்டில் அச்சான அட்டைகள் ஒரு பக்கம் அடுக்கியிருந்தன. எந்திரத்தில் இரண்டு அச்சு: மேலே குழிவு, கீழே மேடு. நடுவே அட்டையை வைத்ததும் எந்திரம் வாயை மூடும்; ஒரு முனகல்; திறக்கும். உள்ளே போன தட்டை லட்சுமி மூக்கும் கன்னமும் முளைத்து வெளியே வருவாள். தங்க ஃபாயில் வேண்டுமென்றால் சூட்டோடு ஓர் அழுத்து. வேலை செய்த தம்பிக்கு இருபது வயதிருக்கும். ஒவ்வோர் அட்டையையும் வெளிச்சத்தில் சாய்த்து ஒரு நொடி பார்த்தான். சிலவற்றை ஒதுக்கினான். ஒதுக்கிய ஒன்றை எடுத்துப் பார்த்தேன். ரிஜிஸ்டர் ஒரு மயிரிழை விலகியிருந்தது. மேடான கண்ணில் நிறமில்லை; கண்ணின் நிறம் கன்னத்தில் கிடந்தது. பார்க்கவே மனசு கலங்கியது. உருவமும் நிறமும் தனித்தனியே பிழையில்லாமல்தான் இருந்தன. ஒன்றின் மேல் ஒன்று உட்காராமல் போனதில் சாமி தப்பிவிட்டது.

ஆழம் குறைந்த புடைப்பை இத்தாலியர்கள் 'ரிலியேவோ ஸ்கியாச்சாத்தோ' என்பார்கள். நசுக்கித் தட்டையாக்கிய புடைப்பு என்று பொருள். டொனடெல்லோ 1417-ஐ ஒட்டிப் பளிங்கில் அதைச் செய்து காட்டினார். சில மில்லிமீட்டர் ஆழத்துக்குள் குதிரையும் மனிதரும் தூரத்து மரங்களும் அடங்கிவிடும். அந்த விந்தையை நான் புத்தகத்தில் படித்தபோது சிவகாசி தம்பியின் கையிலிருந்த அட்டைதான் நினைவுக்கு வந்தது. இன்னொன்றும் அங்கே இருந்தது. லட்சுமி அட்டைகளுக்கு அடுத்த அடுக்கில் வேளாங்கண்ணி மாதா. நீல விளிம்பு வைத்த ஆடை, தங்கக் கிரீடம், இடது கையில் குழந்தை; எல்லாம் மேடாக, நிறத்தோடு, ஏதோ ஒரு வீட்டுச் சுவருக்காக. நேரி தி பீச்சியின் பட்டறையிலிருந்து ஒருவர் எழுந்து வந்து அங்கே நின்றிருந்தால் என்ன நடக்கிறது என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்காது.

பிளாரன்ஸ் மாதாக்களின் நிறம் பிற்காலத்தில் என்ன ஆயிற்று என்பதையும் சொல்லியாக வேண்டும். தலைமுறை தலைமுறையாக வீட்டார் நிறத்தின் மேல் நிறம் பூசினார்கள். மெழுகுவர்த்திப் புகை படிந்தது. 1764-ல் விங்கல்மான் என்ற ஜெர்மானியர் பண்டைக் கலையின் வரலாற்றை எழுதினார். கிரேக்கச் சிற்பத்தின் அழகு அதன் வெண்மையிலும் இருக்கிறது என்ற எண்ணம் அவர் எழுத்தால் வலுப்பட்டது. கிரேக்கச் சிற்பங்களும் ஒரு காலத்தில் நிறத்தோடு இருந்தவைதான்; மண்ணுக்குள் கிடந்து நிறம் போனவை. அந்த எண்ணத்தின் பிடியில் 19-ம் நூற்றாண்டில் எத்தனையோ மாதாக்களின் நிறத்தைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். அருங்காட்சியகத்தில் இன்று வெளிறிய முகத்தோடு இருக்கும் பல மாதாக்கள் அப்படி ஆனவர்கள்தான்.

நம்மிடம் நடந்தது அதற்கு நேர் எதிர். நிறத்தை எடுக்கவில்லை, ஏற்றினோம். சுண்ணாம்பு இருந்த இடத்துக்குச் சிமெண்டு வந்தது. காவி இருந்த இடத்துக்கு எனாமல் பெயிண்ட் வந்தது. சீக்கிரம் முடிகிறது, பளபளக்கிறது. ஆனால் மூச்சுவிடும் சுண்ணாம்பின் மேல் மூச்சுவிடாத பெயிண்டை அடித்தால் உள்ளிருக்கும் ஈரம் எங்கே போகும்? பெயிண்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். நான் துவாரபாலகரைப் பார்த்த அந்த ஊரில் அடுத்த திருப்பணியில் அதுதான் நடந்தது. பத்து வருஷம் கழித்துப் போனபோது அவருடைய முகத்தில் நிறம் தோல் தோலாக உரிந்திருந்தது. மேலே வைத்த சிமெண்டுக் கை உள்ளிருந்த சுண்ணாம்புத் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெடித்திருந்தது. சுண்ணாம்பு அரைத்த பெரியவர் இப்போது இல்லை; அவர் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள் என்றார்கள். அன்று அங்கே வெகுநேரம் நின்றேன். ஒரு கை வேலை ஊரை விட்டுப் போவதைக் கண்ணால் பார்ப்பது துக்கம் கேட்கப் போனது போலத்தான் இருந்தது.

டிசம்பர் கடைசியில் தேதித் தாள் தீர்ந்த காலண்டர் அட்டையை எங்கள் ஊரில் யாரும் குப்பையில் போடுவதில்லை. சிலர் அப்படியே சுவரில் விட்டுவிட்டுப் பக்கத்தில் புதியதை மாட்டுவார்கள். சிலர் கொண்டுபோய்க் கோயில் அரசமரத்தடியில் சாய்த்து வைப்பார்கள். எங்கள் தெரு முனை மரத்தடியில் அப்படி ஏழெட்டு அட்டைகள் இருக்கின்றன. இரண்டு வருஷ வெயிலில் சிவப்பு முதலில் போகும், பிறகு மஞ்சள், கடைசியில் எல்லாம் வெளிறி, கன்னமும் மூக்கும் கிரீடமும் வெறும் மேடாக நிற்கும். போன வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். முழுக்க வெளுத்துப்போயிருந்த ஒரு லட்சுமியின் நெற்றியில் யாரோ புதுக் குங்குமம் வைத்திருந்தார்கள்.